பாற்கடலைச் சுற்றி

கண்டி ஏரியின் கரைச்சுவர் நேர்கோட்டில் ஓடாது. மேகம் திரண்டு சரிந்தாற்போல ஏறி இறங்கி மறுபடி ஏறும். சுவரின் உடம்பில் கையகல முக்கோண மாடங்கள் வரிசையாக இருக்கின்றன. திருவிழா இரவுகளில் தேங்காயெண்ணெய் விளக்கு வைப்பதற்காக விட்டவை. வலாக்குலு பம்ம, மேகமதில் என்று அங்கே சொல்கிறார்கள். வண்டியில் போகிறவர்களுக்கு அது வெள்ளையடித்த கைப்பிடிச் சுவர், அவ்வளவுதான். நடந்து போனால்தான் ஒன்று தெரியும்: மதில் ஏரியை முழுதாகச் சுற்றவில்லை, பாதியில் நின்றுவிடுகிறது. கட்டியவனுக்கு அதற்கு மேல் காலம் கிடைக்கவில்லை.

அந்தச் சுவர் நின்றுபோன இடத்தைப் பார்க்கத்தான் நான் கண்டிக்குப் போனேன் என்று சொன்னால் மிகையில்லை. நான் வேலூர்க்காரி. அப்பா கோட்டைக்குள் இருந்த ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். பள்ளி விடுமுறைகளில் அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோவது என் வேலை. திப்பு மகால், ஐதர் மகால், பாதுஷா மகால், பேகம் மகால் என்று அங்கே கட்டடங்களுக்குப் பெயர். அவற்றின் நடுவே கண்டி மகால் என்று ஒன்று. திப்புவின் பிள்ளைகளை வைத்திருந்த கோட்டையில் கண்டிக்கு என்ன வேலை என்று ஒருநாள் கேட்டேன். "கண்டியோட கடைசி ராஜா இங்கதாம்மா இருந்தார், பதினாறு வருஷம்" என்றார் அப்பா. பாலாற்றங்கரையில் அந்த ராஜாவின் சமாதி இருக்கிறது. முத்துமண்டபம் என்றால் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும்.

வேலூரில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கதை ஒரு கைதியின் கதை. கண்ணுசாமி என்ற பெயரோடு பிறந்து, 18 வயதில் பட்டமேறி, 35 வயதில் பிடிபட்டு, கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டு, அகழி சூழ்ந்த கோட்டைக்குள் நோயில் கிடந்து 1832 ஜனவரி 30ஆம் தேதி இறந்த ஒருவனின் கதை. அந்த அகழித் தண்ணீரைப் பார்த்தபோதெல்லாம் அவனுக்குத் தான் கட்டிய ஏரி நினைவுக்கு வந்திருக்குமோ என்று சின்ன வயதில் நினைத்துக்கொள்வேன். அந்த ஏரியைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அப்போது முளைத்தது. காய்க்க நாளாயிற்று.

போனது ஒரு பிப்ரவரியில். துணைக்கு யாரையும் அழைக்கவில்லை. ஓர் ஊரை நடந்து பார்ப்பதென்றால் தனியாகத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. கூட ஆள் இருந்தால் பேச்சு முன்னே போகும், கண் பின்தங்கிவிடும். கொழும்பிலிருந்து மலையேறும் ரயிலில் முதல்நாள் மாலையே வந்து சேர்ந்திருந்தேன். மறுநாள் விடிந்தும் விடியாததுமாகக் குயின்ஸ் ஹோட்டல் மூலையில் நின்றேன். கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரம். சால்வை தேவைப்படுகிற குளிர் இல்லை, இருந்தாலும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்ளத் தோன்றியது. எதிர் மலையின் பாதியைப் பனி மூடியிருந்தது. ஏரி பச்சையும் சாம்பலும் கலந்த நிறத்தில் அசையாமல் கிடந்தது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இது இயற்கை ஏரி அல்ல. புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகைக்கு எதிரே வயல்வெளியாக இருந்த பள்ளத்தாக்கின் குறுக்கே அணை போட்டு 1807இல் இதை உண்டாக்கினான் விக்கிரம ராஜசிங்கன். வைத்த பெயர் கிரி முகுத, பாற்கடல். குடிகளுக்கு வயலும் போயிற்று, கூலியில்லாத ராஜகாரிய வேலையும் தலையில் விழுந்தது. எதிர்த்துப் பேசிய சிலரை இந்த ஏரியின் தரையிலேயே கழுவேற்றினான் என்று இன்றும் சொல்கிறார்கள். அரண்மனைக்கு அழகுசெய்யும் ஏரி, அதற்கு அழகுசெய்யும் மதில், நடுவே ஒரு தீவு மண்டபம், எண்கோண மாளிகை என்று எல்லாவற்றையும் தேவேந்திர மூலாச்சாரி என்ற சிற்பியின் துணையோடு அவன் கட்டிக்கொண்டே போனான். அந்த வேகத்தில் ஒரு பதற்றம் இருந்ததாக எனக்குப் படுகிறது. வெளியிலிருந்து வந்த வம்சம் இது என்று முணுமுணுக்கும் பிரதானிகளின் நடுவே ஆண்ட இளைஞன் அவன். கல்லிலும் நீரிலும் தன் பெயரை எழுதிவிட நினைத்திருப்பான்.

நடைப்பாதையில் தூங்குமூஞ்சி மரங்கள் தண்ணீர்மேல் கவிந்து நிற்கின்றன. கிளையெல்லாம் நீர்க்காகங்களும் கொக்குகளும். சில மரங்களுக்கு அடியில் நடைப்பாதையே வெள்ளையாகிக் கிடக்கிறது. ஊர்க்காரர்கள் அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்தாமலே சாலையில் இறங்கி நாலு எட்டு நடந்து மறுபடி ஏறிக்கொள்கிறார்கள். நானும் அவர்களைப் பார்த்து இறங்கி ஏறினேன். சுவரோரமாக ஒரு கபரகொய்யா, நம்மூர் உடும்பைவிடப் பெரிய நீர்ப்பல்லி, தலையை மட்டும் வெளியே நீட்டியபடி நீந்திப் போனது. பின்னால் தண்ணீர் வால்போல விரிந்தது. பள்ளிச் சீருடையில் வந்த இரண்டு பையன்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் அது படித்துறையில் ஏறி வெயிலுக்கு வயிற்றைப் பரப்பும்வரை நின்றேன். நாக்கு இரண்டாகப் பிளந்து, ஊதா நிறத்தில், காற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

மாளிகைக்கு எதிரே ஏரிக்குள் கால் ஊன்றினாற்போல ஒரு கட்டடம். உல்பங்கே, அரசிகளின் குளியல் மண்டபம். பிறகு வந்த ஆங்கிலேயர்கள் அதை நூலகமாக்கினார்கள், அதன்பின் அது காவல் நிலையமாயிற்று. தீவு மண்டபத்தை வெடிமருந்துக் கிடங்காக வைத்துக்கொண்டார்கள். அதைத் தாண்டி நடந்து, மதிலின் அலை ஓய்ந்து வெறும் கரையாகிற இடத்தை ஒருவழியாகக் கண்டேன். அங்கே பலகையோ கல்வெட்டோ இல்லை. கடைசி மாடத்தில் யாரோ ஒரு பிளாஸ்டிக் கோப்பையைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். அதை எடுத்துவிட்டு மாடத்துக்குள் விரல்களை விட்டுப் பார்த்தேன். அடியில் பொடிமண், ஓரத்தில் மழைக்கறை. 1815க்குப் பிறகு இதற்கு அடுத்த கல்லை வைக்க ஆளில்லை. சுவர் தொடங்கும் இடத்தில் எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த ஊரின் சரித்திரம் முழுக்க அது முடியும் இடத்தில்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

திரும்பி மாளிகைப் பக்கம் வந்தபோது பூக்கடைகள் விழித்திருந்தன. தாமரை, நீலோற்பலம், அரளி. ஒரு சிங்களப் பெண் தாமரை மொட்டின் இதழ்களை ஒவ்வொன்றாக உள்ளே மடித்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலால் ஓர் அழுத்தம், ஆள்காட்டி விரலால் ஒரு மடிப்பு. மூடிக்கிடந்த மொட்டு அடுக்கு அடுக்காக முக்கோணங்கள் விரிந்த பூவாயிற்று. ஒரு பூவுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. நான் பார்ப்பதைக் கண்டு வேகத்தைக் குறைத்து, ஒரு மொட்டை என் கையில் கொடுத்து, செய்து பார் என்று கண்ணால் சொன்னாள். நான் மடித்த இதழும் கீறல் விழாமல் வந்தது. அவள் தலையை ஆட்டிச் சிரித்தாள். அந்தப் பூவையே வாங்கிக்கொண்டேன்.

மாளிகைக்கு முன்னால் வாகனம் இல்லாத சாலை கிடைப்பது நடப்பவருக்குப் பெரிய சுகம். ஆனால் அந்தச் சுகம் வந்த வழி வேறு. 1998 ஜனவரி 25ஆம் தேதி, இலங்கைச் சுதந்திரத்தின் பொன்விழாவுக்குப் பத்து நாள் இருக்கையில், புலிகள் வெடிமருந்து ஏற்றிய லாரியை ஓட்டிவந்து இந்த வாசலில் வெடிக்கவைத்தார்கள். கும்பிட வந்தவர்கள் செத்தார்கள். சாலை அப்போது மூடப்பட்டது. பையைத் திறந்து காட்டி, உடம்பைத் தடவிப் பார்க்கக் கை தூக்கி நிற்கும்போது, வாயைத் திறந்தால் தமிழ் வரும் என்ற நினைப்பு வந்தது. காவலுக்கிருந்த பெண் என் கைத் தாமரையைப் பார்த்துவிட்டு, "இந்தியாவா?" என்று தமிழிலேயே கேட்டார். ஆமாம் என்றேன். "போங்க" என்றார். ஒரு வழிபாட்டிடத்தின் வாசலில் அப்படியொன்றைச் செய்ததை எந்த நியாயத்தாலும் என்னால் ஏற்க முடியாது. அதே சமயம், யாழ்ப்பாணத்தில் நூலகம் எரிந்த 1981ஐயும் கொழும்பு எரிந்த 1983ஐயும் தெரியாதவளாக அந்த வரிசையில் நிற்கவும் என்னால் முடியவில்லை.

ஒன்பதரை மணிப் பூஜைக்குத் தவில்போல் நீண்ட பறைகளும் ஒத்துப்போல் கூவும் ஹொரணையும் கீழ்த்தளத்தில் முழங்கின. வெள்ளை வேட்டியும் சிவப்பு இடைக்கச்சையுமாக நின்ற மேளக்காரர்களின் வாசிப்பு, மேல்மாடியில் புனிதப் பல் இருக்கும் அறைக்கதவு திறந்திருக்கும் நேரம் முழுவதும் ஓயவில்லை. வரிசை மெல்ல நகர்ந்து, பேழை தங்க மின்னலாகக் கண்ணில் பட்ட கணத்தில், பின்னாலிருந்து வந்தவர்களின் தள்ளலில் நகர்ந்துவிட்டேன். பூவை மேடையில் வைத்தாயிற்று, அது போதும். இந்தப் பல் எவரிடம் இருக்கிறதோ அவரிடமே நாடு என்பது இங்கே பழைய நம்பிக்கை. 1739இல் கண்டி அரியணை மதுரைப் பக்கத்து நாயக்கர் உறவுக்குப் போனபோது, புதிய அரசர்கள் அந்த நம்பிக்கையைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள். சைவ வைணவ வீடுகளில் பிறந்தவர்கள் பௌத்தத்தின் காவலர்கள் ஆனார்கள். 1753இல் சியாமிலிருந்து பிக்குகளை வரவழைத்து, அறுந்துபோயிருந்த உபசம்பதா என்ற துறவுத் தீட்சை மரபை மீட்டவன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் என்ற நாயக்க அரசன். அந்த மரபின் தலைமையிடங்களில் ஒன்றான மல்வத்தை விகாரை ஏரியின் தென்கரையில் இன்றும் இருக்கிறது. இனம், மதம், மொழி மூன்றையும் ஒரே கயிற்றில் முறுக்கிப் பேசுகிறவர்கள் இந்த மாளிகைக்கு ஒருமுறை வந்து அதன் திருப்பணிக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

பக்கத்தில் நாலெட்டு நடந்தால் பத்தினி தேவாலயம். சிறிய கோயில், பெரிய அரசமரத்தடி, அணையாத எண்ணெய்த் தீபங்கள். பத்தினி யார்? நம் கண்ணகிதான். சிலப்பதிகாரம் அவளுக்குக் கோயில் எடுத்த விழாவுக்கு வந்த அரசர்களில் இலங்கைக் கயவாகுவையும் சொல்கிறது. இங்கே அவள் மாங்கனியில் பிறந்தவள். அம்மைக்கும் தட்டம்மைக்கும் நேர்ந்துகொள்ள வேண்டியவள், கைக்குழந்தைகளைக் காப்பவள். நான் போனபோது ஓர் இளம் தாய் பச்சைக் குழந்தையைத் திரைக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். பூசாரி, கப்புறாளை என்பார்கள், சிங்களத்தில் நீளமாக வேண்டிக்கொண்டார். அந்த ஓட்டத்தில் "பத்தினி" என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. பிறகு ஒரு பித்தளைச் சிலம்பை எடுத்துக் குழந்தையின் தலையில் தொட்டு வைத்தார். குழந்தை சிலம்பின் சத்தத்துக்குக் கண்ணை உருட்டியது. என் தொண்டை அடைத்துக்கொண்டது. மதுரையில் உடைந்த சிலம்பு இங்கே முழுசாக இருந்து பிள்ளைகளைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. எசல மாதப் பெரஹராவில் நாத, விஷ்ணு, கதிர்காம தேவாலயங்களின் ஊர்வலங்களுக்குப் பிறகு இவளுடைய ஊர்வலம் வரும். அதில் மட்டும் பெண்கள் நடப்பார்கள்.

மகுல் மடுவ என்ற அரச சபைக்கூடம் நாலு பக்கமும் திறந்தது. செதுக்கிய மரத்தூண்கள், ஓட்டுக்கூரை, வழவழத்த தரை. இங்கேதான் 1815 மார்ச் 2ஆம் தேதி கண்டிப் பிரதானிகள் தங்கள் அரசனை நீக்கி நாட்டை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த உடன்படிக்கை படிக்கப்பட்டது. போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் முட்டி மோதிப் பார்த்துப் பிடிக்க முடியாத மலைநாடு, ஒரு பெரிய சண்டைகூட இல்லாமல் கைமாறியது. அரசன் இரண்டு வாரம் முன்பே, பிப்ரவரி 18இல், மலைக்குள் ஒளிந்திருந்த இடத்தில் பிடிபட்டுவிட்டான். அவன் சிம்மாசனம் இங்கிலாந்துக்குப் போய் 1934இல் திரும்பி வந்தது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிம்மாசனம் வந்தது, உட்கார்ந்தவன் வரவில்லை.

இதையெல்லாம் பின்னிருந்து நடத்தியவர் ஜான் டொய்லி. சிங்களம் கற்று, பிக்குகளோடும் பிரதானிகளோடும் ஓலை எழுதிப் பழகி, ஒற்றர்களை வைத்து, அரசனுக்கும் அவன் ஆட்களுக்கும் இடையிலான விரிசலில் ஆப்பு வைத்துத் திறந்த அதிகாரி. பிறகு கண்டியின் ரெசிடென்டாக இருந்து 1824இல் இங்கேயே காய்ச்சலில் இறந்தார். மாளிகைக்குப் பின்னால் மேட்டில் இருக்கும் பழைய ஆங்கிலேயக் கல்லறைத் தோட்டத்தில் அவர் சமாதியைத் தேடிப் போனேன். புல் வெட்டிச் சீராக வைத்திருக்கிறார்கள். வாட்டர்லூவில் பிழைத்து வந்து கொசுக்கடியில் போனவர், யானை அடித்துப் போனவர், பால்குடிப் பிள்ளைகள், பிள்ளை பெற்ற கையோடு போன இளம் மனைவிகள் என்று கல்லுக்குக் கல் ஒரு கதை. பெரும்பாலானவர்கள் முப்பதைக்கூட எட்டவில்லை. அவர்களில் எவர்மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. டொய்லியின் கல்லின்முன் மட்டும் நெடுநேரம் நின்றேன். ஏரியைக் கட்டியவன் பாலாற்று மணலில் கிடக்கிறான். அவனை அனுப்பியவர் ஏரிக்குக் கூப்பிடு தூரத்தில் படுத்திருக்கிறார்.

பிற்பகல் ஒரு சைவக்கடையில் சோறு. பருப்பு, பலாக்காய்க் கறி, தேங்காய்ப்பூவோடு பொடியாக அரிந்த கீரை மல்லுங், அப்பளம். பரிமாறிய பையன் "தனியாவா வந்தீங்க?" என்று கேட்டான். அன்று காலையிலிருந்து எல்லோரும் கேட்ட கேள்விதான். அடுத்து "பயமில்லையா?" என்று கேட்காமல், "அப்ப இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க" என்று சம்பலை அள்ளி வைத்தவன் அவன் ஒருவன்தான். உடவத்தக்கெலைக் காட்டுக்குள் போய் ஒரு மணி நேரம் சுற்றினேன். பழைய அரச வனம், நகரத்துக்குள் இப்படி ஒரு காடு இருப்பது அதிசயம், அட்டைகளும் உண்டு. அதைப்பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

போகம்பரைக்கு நடந்தேன். இங்கே இன்னொரு சிறு ஏரி இருந்தது, ஆங்கிலேயர் காலத்தில் தூர்த்துவிட்டார்கள். 1814இல் முதன்மை அமைச்சர் எஹெலபொல ஆங்கிலேயர் பக்கம் ஓடியபோது, கையில் சிக்கியிருந்த அவர் மனைவியையும் பிள்ளைகளையும் அரசன் விட்டுவைக்கவில்லை. பிள்ளைகளின் தலையைக் கொய்தார்கள். மூத்தவன் நடுங்கித் தாயிடம் ஒண்டிக்கொள்ள, சின்னவன் மத்தும பண்டார முன்னே வந்து கழுத்தை நீட்டினான் என்று இலங்கைப் பிள்ளைகள் எல்லோரும் படிக்கிறார்கள். தாயைப் போகம்பரை ஏரியில் மூழ்கடித்தார்கள். எஹெலபொலவுக்கும் நல்ல முடிவில்லை. அவரை ஆங்கிலேயர்கள் மொரிஷியசுக்கு நாடுகடத்தினார்கள், அங்கேயே இறந்தார்.

இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். படிப்பது வேறு, அந்த இடத்தில் பஸ் புகைக்கும் பேரீச்சம்பழ வண்டிக்கும் நடுவே நின்று நினைத்துப் பார்ப்பது வேறு. வேலூரில் நான் பரிதாபப்பட்டு வளர்ந்த கைதி இங்கே பிள்ளைகளைக் கொன்றவன். ஆங்கிலேயர்கள் அவன் கொடுமைகளை ஊதிப் பெருக்கினார்கள் என்று வாதம் செய்கிறவர்கள் உண்டு. படையெடுப்புக்குச் சாக்கு தேவைப்பட்டது என்பதும் உண்மைதான். ஆனால் பெருக்குவதற்குக் கையில் ஒன்று இருந்திருக்க வேண்டுமே! அந்தப் பிள்ளைகள் ஆங்கிலேயர்களின் கற்பனை இல்லை. அன்றிலிருந்து அவனுக்காக நான் பரிந்து பேசுவதில்லை. அவன் ஏரியை அழகென்று சொல்லத் தயங்குவதும் இல்லை. வயலை இழந்தவர்களின் கையால் வெட்டிய ஏரி அது. அழகின் பெருமையில் அவர்களுக்கும் பங்குண்டு.

நாலு மணிக்கு மேல் தென்கரையிலிருந்து ராஜபிஹில்ல சாலையைப் பிடித்து மேலே ஏறினேன். வழியில் ஒரு பூங்காவில், பர்மாவில் ஜப்பானியரிடம் பிடித்து மவுண்ட்பேட்டன் இந்த நகரத்துக்குக் கொடுத்த பீரங்கி நிற்கிறது. இரண்டாம் உலகப்போரின் கடைசியில் தென்கிழக்காசியப் படைத்தலைமை கண்டிப் பக்கத்தில்தான் இருந்தது. மேலே நின்றால் ஊர் முழுக்க ஒரு கிண்ணத்துக்குள். மாளிகையின் கூரை, எண்கோண மண்டபம், எதிர் மலையில் பகிரவகந்தைப் புத்தர், நடுவே ஏரி. மேகமதில் வெள்ளைக் கோடாகத் தொடங்கி மரங்களுக்குள் போய்க் காணாமற்போவது அங்கிருந்தும் தெரிந்தது.

இறங்கி வந்து தென்கரை பெஞ்சில் உட்கார்ந்தேன். ஏற்கனவே ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டியிருப்பார். மடியில் ஆஸ்பத்திரிக் கொப்பியும் மருந்துப் பொட்டலமும் இருந்த பாலிதீன் பை. நான் செல்பேசியில் என் அம்மாவிடம் பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "இந்தியாவா தங்கச்சி? பேச்சே சொல்லுதே" என்றார்.

வேலூர் என்றேன்.

"வேலூரு கோத்தகிரிக்குக் கிட்டவா?"

இல்லை, தூரம் என்றேன். கோத்தகிரியில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"பெரியக்கா. சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல போயிட்டாங்க. நாங்க புசல்லாவையில நின்னுட்டோம். எங்கப்பாவுக்கு இங்க பிரஜாவுரிமை கெடச்சிச்சு, மச்சானுக்குக் கெடைக்கல. அழுகைக் கோச்சியில ஏத்திவிட்டோம்."

1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதென்றும் 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வதென்றும் இரு பிரதமர்கள் பங்கு பிரித்தார்கள். யாரையும் கேட்கவில்லை. தலைமன்னாருக்குப் போகும் ரயிலில் ஏறியவர்களும் ஏற்றிவிட வந்தவர்களும் நிலையங்களில் கட்டிப்பிடித்து அழுத அழுகையால் மலைநாட்டில் அந்த ரயிலுக்கே அப்படிப் பெயர் விழுந்துவிட்டது. அந்த அம்மாவின் கைகளைப் பார்த்தேன். கொழுந்துக் கறை ஏறிய விரல்நுனிகள், குறுக்கும் நெடுக்கும் கறுத்த வெடிப்புகள். கிளினிக்கில் சோப்புப் போட்டுக் கழுவியும் போகாதவை.

அவரோடு பேசிக்கொண்டிருந்தபோதுதான் பகல் முழுக்க நான் தனித்தனியாகப் பார்த்தவை ஒன்றோடொன்று சேர்ந்தன. 1816இல் தமிழ் பேசும் அரசனையும் அவன் உறவினர்களையும் கப்பலேற்றி அந்தக் கரைக்கு அனுப்பியது ஆங்கில அரசு. பத்து வருடம் கழிவதற்குள், 1824இல், கம்பளைக்கு அருகே முதல் காப்பித் தோட்டம் வந்துவிட்டது. அதன் பின்னால் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்குத் தமிழ் பேசும் கூலிகளைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். மன்னாரில் இறங்கி மாத்தளை வழியாகக் காட்டுக்குள் நடந்து வந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கல்லில்லை. காப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தது. 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. நூறு வருடம் கழித்து அதே தண்டவாளத்தில் அவர்கள் வழிவந்தவர்களில் ஏராளமானவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஓர் அரசனின் பிரிவுக்கு வேலூரில் மண்டபம் இருக்கிறது. புசல்லாவை அம்மாவின் பிரிவுக்கு ஒரு ரயிலின் பட்டப்பெயர் மட்டும்தான்.

"ராசாவோட மதிலு பாத்தீங்களா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். சின்ன வயதில் பெரஹரா பார்க்க அப்பா தோட்டத்து லாரியில் கூட்டிவருவாராம். மத்தியானமே வந்து பாயை விரித்து இடம் பிடித்துவிடுவார்களாம். யானை வரும்போது அக்கா தன் கண்ணைப் பொத்திக்கொண்டு விரலிடுக்கில் பார்ப்பாளாம். "அவ மறந்திருக்க மாட்டா."

இருட்டத் தொடங்கியது. அவருடைய பஸ் குட்ஷெட் நிலையத்திலிருந்து. நானும் நடக்கிறேன் என்றேன். பையை நான் வாங்கிக்கொண்டேன். ஏரியை விட்டு, கடைவீதி நெரிசலுக்குள் புகுந்து, ரயில் நிலையத்துப் பக்கமாக மெல்ல நடந்தோம். கோத்தகிரிக்கு எப்படிப் போவது என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். சென்னைக்கு விமானம், சென்னையிலிருந்து இரவு ரயிலில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து மலைக்குப் பஸ் என்றேன். விமானக் கட்டணம் எவ்வளவு வரும் என்று கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். இலங்கை ரூபாயில் மாற்றிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். பேரன் கொழும்பில் கடையில் வேலைசெய்கிறான், பாஸ்போர்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறான் என்றார்.

நுவரெலியா பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. நடத்துநர் "புசல்லாவ, புசல்லாவ" என்று கூவினார். பெயரை எழுதிக் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து நீட்டினார் அந்த அம்மா. என் பெயரையும் செல்பேசி எண்ணையும் எழுதி, கீழே மேட்டுப்பாளையம் ரயிலின் பெயர் நீலகிரி எக்ஸ்பிரஸ் என்றும் எழுதினேன். எழுத்துக் கூட்டி ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு, "வந்தா உங்க வீட்டுக்கும் வருவேன். அந்த ராசா சமாதியையும் காட்டுங்க" என்று படியேறினார்.